படத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள்: பழைய போராட்டப் படங்களை வாசிப்பதும் காப்பதும் எப்படி

கிளிநொச்சியில் நாங்கள் நடத்துகிற சின்ன வாசிகசாலையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு படக் கண்காட்சி வைத்தோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குத் தனி வாசல், தனித் தண்ணீர்க் குழாய், பஸ்ஸில் தனி இருக்கை என்று சட்டம் போட்டு ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், அதை எதிர்த்து அவர்கள் ஆயுதம் எதுவும் தூக்காமல் உட்கார்ந்தும் நடந்தும் போராடிய படங்கள். அவற்றில் ஒன்று பலருக்கும் தெரிந்த படம்: வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ் பஸ் ஜன்னலோரம் அமர்ந்து வெளியே பார்க்கிறார், பின் இருக்கையில் ஒரு வெள்ளைக்காரர் இறுகிய முகத்தோடு இருக்கிறார். அதன் கீழே நான் எழுதி ஒட்டியிருந்தது, "1955 டிசம்பர் 1, இருக்கையை விட்டு எழும்ப மறுத்த ரோசா பார்க்ஸ்."

பரந்தனிலிருந்து வந்த ஒரு பிள்ளை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, அண்டைக்குத் திடீரெண்டுதானே பிரச்சினை வந்தது, அப்ப இந்தப் படத்தை எடுக்க ஆர் கமராவோட பஸ்ஸுக்குள்ள இருந்தது?"

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ரோசா பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பர் 1 என்பது சரி. ஆனால் அந்தப் படம் எடுக்கப்பட்டது 1956 டிசம்பர் 21. மொன்ட்கொமரி நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே போய்வந்து, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, பஸ்ஸில் யாரும் எங்கும் இருக்கலாம் என்றான முதல் நாள் அது. பத்திரிகைகளுக்காக அவரை அமரச் சொல்லி எடுத்த படம். பின்னால் இருப்பவர் கோபக்காரப் பயணி அல்ல, நிக்கலஸ் கிறிஸ் என்ற யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத்து நிருபர். படத்தில் பொய் இல்லை, நான் எழுதிய வரியில்தான் பொய் இருந்தது. வென்ற நாளின் படத்தை நான் கைதான நாளின் படமாக்கியிருந்தேன்.

அவருடைய விரல் அடையாளத்தைப் பொலிஸ்காரர் பதிகிற இன்னொரு படத்துக்கும் இதே கதைதான். அதையும் முதல் கைதின் படம் என்றே எங்கும் போடுகிறார்கள். உண்மையில் அது 1956 பெப்ரவரி 22 அன்று, பஸ் புறக்கணிப்பை நடத்தியவர்கள் மீது மொத்தமாக வழக்குப் போட்டபோது, ஏபி செய்தி நிறுவனத்தின் ஜீன் ஹெரிக் எடுத்தது. அந்த நாளில் அவர் தனி ஆள் அல்ல, அவரோடு சேர்த்துப் பல பேர் மீது குற்றம் சாட்டப்பட்டிருந்தது. திகதி ஒன்று மாறினால் ஒரு ஊரே சேர்ந்து செய்த போராட்டம் களைத்துப்போன ஒரு பெண்ணின் தனிக் கதையாகச் சுருங்கிவிடுகிறது. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளையின் கேள்வியை வைத்துத்தான் நாங்கள் இப்போது எல்லாப் படத்தையும் பார்க்கிறோம். உங்கள் பாடசாலையிலோ சனசமூக நிலையத்திலோ இப்படிப் படங்களைச் சேர்க்கிறீர்கள் என்றால், அல்லது வீட்டில் பழைய படங்கள் கிடக்கின்றன என்றால், நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் கமராவைத் தேடுங்கள்

படத்தில் இருப்பவரைப் பார்க்கும் முன் படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். உள்ளேயா, வெளியேயா? பொலிஸ் நின்ற பக்கமா, மக்கள் நின்ற பக்கமா? அவரை யார் அனுப்பினார்கள், அவருக்கு அங்கே நிற்க எப்படி அனுமதி கிடைத்தது?

கிரீன்ஸ்பரோ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 பெப்ரவரி 1 அன்று வட கரோலினாவில் நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் வூல்வேர்த் கடையின் சாப்பாட்டு மேசையில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த இடத்தில் போய் இருந்து கோப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை. எழும்பவும் இல்லை, கடை மூடும்வரை அப்படியே இருந்தார்கள். நான்கு பேர் வரிசையாக அமர்ந்து திரும்பிப் பார்க்கிற ஒரு படத்தை இதற்குப் போடுவது வழக்கம். அது இரண்டாம் நாள், பெப்ரவரி 2, உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஜாக் மோப்ஸ் எடுத்தது. அதில் இருப்பவர்களில் ஜோசப் மக்நீல், பிராங்ளின் மக்கெய்ன் இருவர் மட்டுமே முதல் நாள் இருந்தவர்கள். மற்ற இருவரான பில்லி ஸ்மித்தும் கிளாரன்ஸ் ஹென்டர்சனும் மறுநாள் வந்து சேர்ந்தவர்கள். முதல் நாள் அந்த நால்வரும் கடையை விட்டு வெளியே வந்து தெருவில் நடக்கிற படம்தான் இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்கள் படத்தை இன்னும் உன்னிப்பாகப் பார்த்தார்கள். முதல் நாள் நடந்ததைக் கேள்விப்பட்டும் மறுநாள் போய் அந்தக் கதிரையில் இருந்த இருவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் படமும் அப்படி. 1963 மே 3, பொலிஸ் நாய் ஒன்று ஒரு இளைஞரின் வயிற்றில் பாய்கிறது, பில் ஹட்சன் எடுத்த ஏபி படம். மறுநாள் நியூயோர்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்து நாட்டையே உலுக்கியது. அந்த இளைஞர், வோல்டர் காட்ஸ்டன், ஊர்வலத்தில் போனவர் அல்ல, வேடிக்கை பார்க்க வந்தவர். ஆகவே "போராட்டக்காரரை நாய் கடிக்கிறது" என்று எழுதினால் அது பிழை. "பார்த்துக்கொண்டு நின்ற மாணவர் மீது பொலிஸ் நாய் பாய்கிறது" என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் படத்தின் கனம் குறையவில்லை, எனக்கு அது இன்னும் கூடுவதாகவே தெரிகிறது.

போராட்டமே இல்லாத படங்களையும் விட்டுவிடாதீர்கள். 1938 ஏப்ரலில் வட கரோலினாவின் ஹாலிபாக்ஸ் நகரத்து நீதிமன்றப் புல்தரையில் ஜோன் வாஷன் எடுத்த படத்தில் ஒரு பையன் குழாயில் தண்ணீர் குடிக்கிறான், பக்கத்து மரத்தில் "கலர்ட்", அதாவது கறுப்பினத்தவருக்கு, என்று பலகை அறைந்திருக்கிறது. யாரும் கத்தவில்லை, யாரும் அடிக்கவில்லை. நாங்கள் கண்காட்சியை அந்தப் படத்தோடுதான் தொடங்கினோம், ஏனென்றால் எதற்காகப் போராடினார்கள் என்பது அதில் இருக்கிறது. நீதிமன்ற வாசலிலேயே அந்தப் பலகை இருந்தது என்பதையும் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

எங்கே எடுப்பது

அமெரிக்காவின் காங்கிரஸ் நூலக இணையத்தளம் முதலிடம். வாஷனின் படம் மத்திய அரசின் ஊழியராக அவர் எடுத்தது, யாரும் பயன்படுத்தலாம். 1963 ஓகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் சுமார் 250,000 பேர் கூடிய பேரணியை வாரன் லெப்ளர் எடுத்த படங்களும் அங்கே உண்டு. அவற்றைப் பயன்படுத்தவும் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே உரிமை பற்றிய குறிப்பு ஒன்று இருக்கும், படத்தை இறக்கும்போதே அதையும் படத்தின் இலக்கத்தையும் எழுதிவையுங்கள், பிறகு தேடினால் ஒரு நாள் போய்விடும். ஏபி படங்களும் பத்திரிகைப் படங்களும் வேறு, அவற்றுக்கு உரிமையாளர் இருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் மலரில் அச்சடிக்கக் கூடாது.

அச்சடிக்க எவ்வளவு பெரிய கோப்பு வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். ஏ4 தாளுக்கு ஏறக்குறைய 2480 க்கு 3508 பிக்சல், ஏ3 க்கு 3508 க்கு 4961. டிஃப் (TIFF) கோப்பு மிகப் பெரியது, இங்குள்ள சிக்னலுக்கு இரவு முழுக்க இறங்கும், ஏ4 க்கு நல்ல ஜேபெக் போதும்.

படத்தின் மூலக் குறிப்பில் பழைய இழிசொற்கள் வரும். 1930 களில் எடுத்த படத்துக்கு அன்றைய ஆள் எழுதிய சொல் அது. அதை அழித்துவிடாதீர்கள், உங்கள் சொல்லாகவும் எழுதாதீர்கள். மேற்கோள் குறிக்குள் "மூலக் குறிப்பு" என்று போட்டுவிட்டு, கீழே உங்கள் வரியில் "கறுப்பினச் சிறுவன்" என்று எழுதுங்கள். எங்கள் பழைய பத்திரிகைகளில் சாதிப் பெயர்கள் வந்திருக்கிற விதத்துக்கும் இதே வழிதான்.

இனி எங்கள் படங்கள்

பேர்மிங்ஹாமில் ஒரு பத்திரிகை அலுவலகத்தின் சாமான் அறையில் ஒரு பெட்டி கிடந்தது. மேலே "வைத்திரு, விற்காதே" என்று எழுதியிருந்தது. 2004 இல் பயிற்சிக்கு வந்த ஒருவர் திறந்து பார்த்தால் உள்ளே சுமார் 5,000 நெகட்டிவ்கள். அந்தப் போராட்டக் காலத்தில் அவர்களுடைய ஆட்களே எடுத்து, பெரும்பாலும் அச்சில் வராமல் போனவை. 2006 இல்தான் அவற்றில் பல வெளியாகின. தென்னாப்பிரிக்காவின் நிறவெறிச் சட்டத்தைப் படமாக்கிய ஏர்னஸ்ட் கோல் 1990 இல் இறந்துபோனார். அவருடைய 60,000 க்கு மேற்பட்ட நெகட்டிவ்கள் சுவீடனில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் இருந்தது 2017 இல்தான் குடும்பத்துக்குத் தெரியவந்தது.

ஆகவே தேடுங்கள். வவுனியாவிலும் மன்னாரிலும் பழைய ஸ்டூடியோ வைத்திருந்தவர்களின் வீட்டுப் பரண், கோயில் மலர் அச்சடித்தவர்களின் அலுமாரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வெளிநாட்டில் இருக்கிற மாமாமாரின் அல்பம். வன்னிக்குள் இருந்தவர்களிடம் குறைவாகத்தான் இருக்கும், காரணம் எல்லோருக்கும் தெரியும். இறுதிப் போரில் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வொரு இடமாக எழும்பியபோது அல்பத்தை யாரும் முதலில் தூக்கவில்லை. தூக்கினவர்களும் கடைசியில் அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் படங்களை மட்டும் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். றங்குப்பெட்டியில் வைத்து வளவுக்குள் தாட்டுவிட்டுப் போய், மீள்குடியேறிய பிறகு கிண்டி எடுத்தவர்களும் உண்டு. அப்படி வந்த படம் ஒன்று வீட்டில் இருந்தால் அது சாதாரணப் பொருள் அல்ல, அதை எப்படிக் கையாளுவது என்று பார்ப்போம்.

ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைக் காய்ந்த நிலையில் இழுத்துப் பிரிக்காதீர்கள், முகம் உரிந்து மற்றப் படத்தோடு போய்விடும். 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எத்தனையோ கலியாணப் படங்கள் இப்படிப் போயின. வெள்ளத்தில் நனைந்த படங்கள் என்றால் காய முதல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகக் கழுவி, ஒவ்வொன்றாகப் பிரித்து, படப்பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் துணிமேல் பரப்புங்கள். வெயிலில் போட வேண்டாம். இரண்டு நாளுக்குள் செய்ய முடியாவிட்டால் பொலித்தீன் பையில் போட்டு பிரிட்ஜின் பிரீசரில் வையுங்கள், பிறகு ஆறுதலாகப் பிரிக்கலாம். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைக் கழற்றவே வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்துப் பிரதி எடுங்கள். ஒட்டும் பசைத் தாளும் மேலே பிளாஸ்டிக் மூடியும் உள்ள அல்பங்கள் ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தன, அவைதான் படத்துக்கு மோசமான எதிரி, சுலபமாகக் கழன்றால் மட்டும் கழற்றுங்கள்.

ஸ்கேனர் இருந்தால் சாதாரண அஞ்சலட்டை அளவுப் படத்தை 600 டிபிஐயில் எடுங்கள். இல்லாவிட்டால் போன் போதும். காலை நேரம், விறாந்தையில், நேர் வெயில் படாத இடத்தில் வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். பிளாஷ் வேண்டாம். போனைப் படத்துக்கு நேர் மேலே, சரியாமல் பிடியுங்கள், இரண்டு செங்கட்டிகளை இரு பக்கமும் வைத்து மேலே ஒரு கண்ணாடித் துண்டோ அடிமட்டமோ வைத்தால் போனுக்குத் தாங்கி ஆகிவிடும். ஓரத்தில் ஒரு அடிமட்டத்தையும் சேர்த்து ஒரு பிரதி எடுங்கள், அளவு தெரியும். ஓரங்களை வெட்டாதீர்கள், கறையை அழிக்காதீர்கள், கறுப்பு வெள்ளைக்கு நிறம் கொடுக்கிற செயலிகளுக்குள் போடாதீர்கள். அந்தச் செயலிகள் உடுப்பின் நிறத்தையும் கொடியின் நிறத்தையும் தாமே ஊகித்துப் போடுகின்றன, போராட்டப் படத்தில் கொடியின் நிறம் பிழைத்தால் கட்சியே மாறிவிடும்.

அதைவிட முக்கியம், பின்பக்கத்தையும் படமெடுப்பது. ஸ்டூடியோ முத்திரை, கையெழுத்து, அச்சுத் தாளின் கம்பனிப் பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். நீங்கள் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், படத்தைக் கடினமான மேசையில் வைத்து மெதுவாக எழுதுங்கள். குமிழ்முனைப் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும், மை ஊறும். பிறகு ஒவ்வொரு படத்தையும் தனிக் காகித உறையில் போட்டு, நிலத்திலிருந்து உயர்த்தி, வெளிச்சுவரைத் தொடாமல் வையுங்கள். இங்கே கறையான் ஒரு கிழமையில் பெட்டியையே தின்றுவிடும். மாரி தொடங்க முதல் ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை திறந்து பாருங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டை முதலில் போடுங்கள், பிறகு இடம், பிறகு இலக்கம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், "டொகுமென்ட்" ஆக அனுப்புங்கள். மூன்று பிரதி இருக்கட்டும்: ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிற உறவினரிடம் அல்லது இணையச் சேமிப்பில். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 அளவு நூல்கள் ஒரே கட்டடத்துக்குள் இருந்தன என்பதை நாங்கள் மறக்கவே கூடாது. உரிமையும் விருப்பமும் இருந்தால் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம்.

கேட்டு எழுதுவது

படத்தை வயதானவரின் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். "இது சத்தியாக்கிரகமா ஆச்சி?" என்று கேட்டால் ஆச்சி "ஓம் ராசா" என்பார், எங்கள் ஊர் ஆச்சிமார் பிள்ளைகளின் மனத்தை நோகடிக்கமாட்டார்கள். "இதில என்ன நடக்குது?" என்று மட்டும் கேளுங்கள். போனில் ஒலிப்பதிவு போட்டுவிட்டு, அவர் விரல் வைக்கிற ஆளை "இடமிருந்து மூன்றாவது" என்று நீங்கள் வாயால் சொல்லுங்கள், பிறகு கேட்கும்போது "இவர்தான்" என்ற குரல் மட்டும் இருந்தால் யாருக்கும் விளங்காது. உறுதியாகத் தெரிந்தது, ஒருவர் சொன்னது, நாங்கள் ஊகித்தது என்ற மூன்றையும் மூன்று வரியாக எழுதுங்கள். கலக்க வேண்டாம்.

முகங்கள்

இது எல்லாவற்றையும்விடக் கவனமாகச் செய்ய வேண்டியது. மிசிசிப்பி மாநில அரசு 1956 இல் ஒரு ஆணைக்குழு அமைத்து, நிறப் பாகுபாட்டை எதிர்த்தவர்களை வேவு பார்த்து, கோப்புகளும் படங்களும் சேர்த்தது. 1998 இல்தான் அந்தக் கோப்புகளில் பெரும்பகுதி திறக்கப்பட்டது. இன்று அவை அந்த வேவுக்கே சாட்சி, அன்று அதே காகிதங்களால் மக்கள் வேலை இழந்தார்கள். ஒரே படம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேலை செய்யும்.

எங்கள் ஊரிலும் போராட்டப் பந்தலுக்கு எதிரே நின்று படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் பத்திரிகைக்காரர்கள் அல்ல. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தை எத்தனையோ பேர் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படங்களில் தாய்மாரின் கையில் இன்னொரு படம் இருக்கிறது, லமினேற் பண்ணின ஒரு மகன், ஒரு மகள், சில வேளை ஒரு குடும்பமே. அது நிறத்தால் ஒதுக்கி வைக்கிற சட்டத்துக்கு எதிரான போராட்டம் அல்ல, அமெரிக்காவோடு ஒப்பிட்டு எழுதவும் நான் விரும்பவில்லை, அவர்களுடைய கேள்வி அவர்களுடையது. ஆனால் படம் எடுப்பவருக்கான ஒழுங்கு ஒன்றுதான். அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கையிலுள்ள படத்தைத் தனியாகவும் தெளிவாகவும் ஒரு தடவை எடுத்து, அவருக்கு ஒரு பிரதி அச்சடித்துக் கொடுங்கள், பலரிடம் அந்த ஒரே ஒரு படம்தான் மிஞ்சியிருக்கிறது, வெயிலிலும் மழையிலும் அதுவும் மங்கிக்கொண்டு போகிறது. போனில் இடம் பதிகிற வசதியை நிறுத்திவிடுங்கள். பெயரை ஒரு கொப்பியில் எழுதுங்கள், இணையத்தில் போட வேண்டாம். இன்றைக்கு வெளியிட வேண்டாம் என்று அவர் சொன்னால் உறையில் அதையே எழுதி மூடிவையுங்கள். காத்திருந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன சொல் இப்போதும் செல்லும்.

எங்களிடம் இப்போது ஒரு படம் இருக்கிறது. வேட்டி கட்டிய ஆட்களும் சேலை கட்டிய பெண்களும் ஒரு கட்டடத்தின் முன்னால் நிலத்தில் நெருங்கி அமர்ந்திருக்கிறார்கள், வலது ஓரத்தில் பொலிஸ்காரரின் கால்சட்டை மட்டும் தெரிகிறது. கொண்டுவந்த ஐயாவின் வீட்டில் இத்தனை காலமும் அதை யாழ்ப்பாணக் கச்சேரி, அதாவது அரசாங்க மாவட்டச் செயலகம், என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். பின்பக்கத்தைத் திருப்பினால் வவுனியா ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை, பாதி அழிந்து. சிங்களம் மட்டும் சட்டத்தை நடைமுறைப்படுத்தியதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி 1961 பெப்ரவரி 20 அன்று யாழ்ப்பாணக் கச்சேரி முன்னால் தொடங்கிய சத்தியாக்கிரகம் வவுனியாவுக்கும் மன்னாருக்கும் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் பரவி, ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் வரும்வரை நடந்தது. அந்த நாட்களின் படமாக இருக்கலாம். உறையில் நாங்கள் எழுதியிருப்பது இதுதான்: "உறுதி: முத்திரை வவுனியா. சொன்னது: யாழ்ப்பாணக் கச்சேரி, ஐயாவின் குடும்பம். ஊகம்: 1961, வவுனியா கச்சேரி. முன்வரிசையில் இடமிருந்து நான்காவதாக இருக்கும் பெண் யார் என்று கேட்க வேண்டும்." அடுத்த ஞாயிறு செட்டிகுளத்தில் தொண்ணூறு தாண்டிய ஒரு அம்மம்மாவிடம் படத்தைக் கொண்டுபோகிறோம். பெரிதாக அச்சடித்து வைத்திருக்கிறோம், அவருக்குக் கண் மங்கல்.